ஜெர்மன் அக்கம்பக்கத்தோடு சாப்பாடும் விளையாட்டும்: போகும்போது, கூப்பிடும்போது என்னென்ன பார்க்க வேண்டும்?

மூணாம்மாடி:

எல்லாருக்கும் வணக்கம். ஜெர்மனிக்குக் குடிவந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. வீட்டில் நான், கணவர், 7 வயதுப் பையன், 4 வயதுப் பெண். கீழ்வீட்டு ஜெர்மன் குடும்பத்திலும் கிட்டத்தட்ட இதே வயதில் 2 பிள்ளைகள். வரும் சனிக்கிழமை மதியம் 3:30-க்கு எங்களை வீட்டுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். அடுத்த மாதம் நாங்களும் அவர்களைச் சாப்பிடக் கூப்பிடலாம் என்று இருக்கிறோம்.

3:30 என்றால் என்ன சாப்பாடு, எவ்வளவு நேரம் இருக்கலாம், கையில் என்ன கொண்டுபோவது? நாங்கள் சைவம். கேக்கில் முட்டை இருந்தால் பரவாயில்லை, ஜெலட்டினும் மதுவும் வேண்டாம். இதை எப்போது, எப்படிச் சொல்வது? திருப்பிக் கூப்பிடும்போது என்ன சமைத்தால் அவர்களுக்கு ஒத்துவரும்? என் ஜெர்மன் இன்னும் தட்டுத்தடுமாறித்தான் வருகிறது. சாப்பிட்டு முடித்த பிறகு ஆளுக்கொரு மூலையைப் பார்த்துக்கொண்டு உட்காராமல் இருக்க என்ன விளையாடலாம்? பையனுக்குப் பிறந்தநாளும் வருகிறது, அதையும் சேர்த்துச் சொன்னால் நல்லது.

பழையகுடி:

3:30 என்றால் காபி, கேக் வேளை. ராத்திரிச் சாப்பாடு அதில் சேராது. 5:30, மிஞ்சினால் 6 மணிக்குக் கிளம்பிவிடுங்கள். பிள்ளைகள் வந்ததும் பசிக்கிறது என்பார்கள், வீட்டில் ஏதாவது செய்து வைத்துவிட்டே போங்கள். அவர்களாகவே "இருந்து சாப்பிட்டுவிட்டுப் போங்கள்" என்று சொன்னால் மனதோடுதான் சொல்கிறார்கள், தாராளமாக இருக்கலாம். ஆனால் ராத்திரிக்குப் பல வீடுகளில் அடுப்பு மூட்டுவதில்லை. ரொட்டி, வெண்ணெய், சீஸ், குளிர்ந்த இறைச்சித் துண்டுகள், புளிக்கவைத்த வெள்ளரி, இவ்வளவுதான். விருந்தாளியைக் குறைத்து நடத்துகிறார்கள் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், அவர்கள் தினமும் சாப்பிடுவதே அதுதான்.

3:30 என்றால் 3:30-லிருந்து 3:35-க்குள் மணி அடியுங்கள். முன்னாடியே போய் நிற்பது தாமதத்தைவிடச் சங்கடம், அப்போதுதான் மேசை போட்டுக்கொண்டிருப்பார்கள். மாடிப்படிதானே என்று 3:20-க்கே இறங்கிவிடாதீர்கள். 10 நிமிஷத்துக்கு மேல் தாமதம் என்றால் ஒரு வரி மெசேஜ் போதும்.

கையில் 10 முதல் 15 யூரோவுக்குள் ஒரு பூங்கொத்து, அல்லது நல்ல சாக்லேட் பெட்டி. சிவப்பு ரோஜா காதலர்களுக்கு, வெள்ளை லில்லி கல்லறைக்கு, இரண்டையும் விட்டுவிடுங்கள். பூவைச் சுற்றியிருக்கும் தாளைக் கதவு திறக்கும் முன்பே கழற்றிக் கையில் சுருட்டி வைத்துக்கொள்ள வேண்டும். விலை கூடிய பரிசு வேண்டாம், அவர்களுக்கும் அதே அளவில் திருப்பிச் செய்யும் கடன் ஏறும். கேக்குக்குப் போட்டியாக இனிப்பு செய்து எடுத்துப் போகாதீர்கள். காரம் குறைந்த முறுக்கு ஒரு டப்பா என்றால் பிள்ளைகளே காலி பண்ணிவிடுவார்கள். ஒருவேளை இனிமேல் ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டால் பூவையும் சாக்லேட்டையும் சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள். ஞாயிறு கடைகள் மூடியிருக்கும், பெரிய ரயில் நிலையத்துக் கடைகள், சில மணி நேரம் திறக்கும் பூக்கடைகள் போன்ற சிலவே விதிவிலக்கு.

உள்ளே போனதும் காலணியைக் கழற்றட்டுமா என்று கேளுங்கள். நல்ல காலுறை போட்டுக்கொண்டு போங்கள், வீட்டுச் செருப்பு கொடுத்தாலும் கொடுப்பார்கள்.

மேசையில் எல்லாருக்கும் பரிமாறி, வீட்டுக்காரர் "கூட்டென் அப்பெட்டீட்" சொன்ன பிறகே முதல் வாய். இரண்டாவது துண்டு வேண்டுமா என்று ஒரு முறைதான் கேட்பார்கள். நம் வழக்கப்படி "ஐயோ, வேண்டாங்க" என்று முதல் தடவை மறுத்துவிட்டு அடுத்த உபசரிப்புக்குக் காத்திருந்தால் தட்டு காலியாகவே இருக்கும். வேண்டும் என்றால் உடனே "யா, கெர்னெ" என்று வாங்கிக்கொள்ளுங்கள். போதும் என்றால் முள்கரண்டியையும் கத்தியையும் தட்டில் பக்கத்தில் பக்கத்தில் சாய்த்து வைத்துவிடுங்கள். குறுக்கே வைத்தால் இன்னும் சாப்பிடுகிறீர்கள் என்று பொருள்.

சைவச் செய்தியை இன்றே அனுப்புங்கள். கேக்கை முந்தின நாளே செய்துவிடுவார்கள், சனிக்கிழமை காலையில் சொல்லிப் பயனில்லை.

சோறும்_சாறும்:

பழையகுடி சொன்னதோடு ஒன்று: வெறும் "சைவம்" என்று எழுதினால் போதாது. முட்டை, பால், சீஸ் எல்லாம் அங்கே சைவத்தில்தான் சேர்த்தி, அது உங்களுக்குச் சிக்கல் இல்லை. ஆனால் ஜெலட்டினை இறைச்சி என்று நினைக்கவே மாட்டார்கள், சிலர் மீனைக்கூட நினைப்பதில்லை. அதனால் பட்டியலாகவே எழுதுங்கள்: இறைச்சி இல்லை, மீன் இல்லை, ஜெலட்டின் இல்லை, கேக்கில் மது இல்லை, முட்டையும் பாலும் சரி. அதோடு "சாதாரண ஆப்பிள் கேக் எங்களுக்குப் பிடிக்கும்" என்று ஒரு வரி. என்ன செய்யலாம் என்று தெரிந்துவிட்டால் அவர்களுக்கும் நிம்மதி.

எங்கெங்கே ஒளிந்திருக்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள். கிரீமும் சீஸும் வைத்த குளிர்ந்த அடுக்குக் கேக்குகளில் ஜெலட்டின் போட்டுத்தான் இறுகவைப்பார்கள். பிள்ளைகள் தட்டில் வைக்கும் கம்மி மிட்டாய் பெரும்பாலும் பன்றி ஜெலட்டின். கறுப்புக் காட்டுக் கேக்கில் செர்ரிச் சாராயம் ஊற்றியிருக்கும், உருண்டைச் சாக்லேட்டில் ரம் இருக்கலாம். உருளைக்கிழங்கு சாலட் தெற்கே போகப் போக இறைச்சிச் சாறு ஊற்றிச் செய்வது. வடக்கே மயோனைஸ், அதிலும் பன்றிக் கொழுப்புத் துண்டு போடும் வீடுண்டு. பச்சை பீன்ஸ், சிவப்பு முட்டைக்கோஸ் இரண்டையும் கேட்டுவிட்டுத் தொடுங்கள், கொழுப்பில் தாளித்திருப்பார்கள். ஓவனில் சுட்ட எளிய கேக், பழ டார்ட், சீஸ் கேக் ஆகியவற்றில் பெரும்பாலும் ஜெலட்டின் இருக்காது. ஆனால் பழத்தின் மேல் பளபளவென்று ஊற்றும் ஜெல்லியை மட்டும் கேளுங்கள்.

குடிக்கக் கேட்டால் "நன்றி, எனக்கு ஆப்பிள் சாறும் சோடாவும்" என்று சொன்னால் முடிந்தது. ஏன் குடிக்கவில்லை என்று காரணம் சொல்ல வேண்டியதே இல்லை. குடிக்கும் முன் வாழ்த்துச் சொல்லிக் கோப்பையோடு கோப்பை தொடும்போது மட்டும் ஒவ்வொருவர் கண்ணையும் பார்த்துத் தொடுங்கள், கோப்பையைப் பார்த்துக்கொண்டு தொட்டால் கிண்டலடிப்பார்கள். தண்ணீர் வைத்துத் தொட்டாலும் இதேதான்.

மாவுக்காரி:

திருப்பிக் கூப்பிடும் பகுதியை நான் எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் தேதி. "ஒருநாள் வாங்க" என்று சொன்னால் அது நடக்காது. 2, 3 வாரம் முன்னதாகவே இரண்டு சனிக்கிழமைகளைக் குறிப்பிட்டு எது வசதி என்று கேளுங்கள். மாலை 5 அல்லது 5:30-க்கு வரச் சொல்லுங்கள், சாப்பாடு 6 மணிக்கு மேசையில் இருக்க வேண்டும். அந்த வயதுப் பிள்ளைகள் 8 மணி சுமாருக்குப் படுக்கைக்குப் போய்விடுவார்கள். நம் வீட்டு வழக்கப்படி 8:30-க்கு இலை போட்டால் பிள்ளைகள் அழுகையோடு போவார்கள், பெரியவர்கள் கடிகாரம் பார்ப்பார்கள்.

என்ன சமைப்பது? 10 வகை செய்து வைத்து, சமையலறைக்கும் மேசைக்கும் ஓடிக்கொண்டே இருக்காதீர்கள். வீட்டுக்காரி உட்காராமல் நின்றுகொண்டு தோசை வார்த்துப் போட்டால் அவர்களுக்குச் சாப்பாடு இறங்காது. இதற்கு என் யோசனை ராக்லெட் அடுப்பு. மேசை நடுவில் வைக்கும் மின் அடுப்பு, அடியில் சின்னத் தட்டுகளில் சீஸ் உருக்குவார்கள், மேலே தோசைக்கல் போன்ற தட்டையான பலகை. ஜெர்மன் வீடுகளில் வருஷக் கடைசி ராத்திரிக்கு எடுப்பது. உங்களிடம் இல்லாவிட்டால் கீழ்வீட்டில் பெரும்பாலும் இருக்கும், கேட்டாலே கொண்டுவருவார்கள். அதன்மேல் குட்டி ஊத்தப்பம். பிள்ளைகளே ஊற்றி, வெங்காயம், கேரட், சோளம் தூவித் திருப்பிப் போடுவார்கள். வேலையும் விளையாட்டும் அங்கேயே முடிந்துவிடும்.

அளவு: பெரியவர் 4, பிள்ளைகள் 4 என்றால் இட்லி அரிசி 600 கிராம், உளுந்து 150 கிராம், வெந்தயம் ஒரு டீஸ்பூன். 8 சென்டிமீட்டர் அகலத்தில் சுமார் 45 ஊத்தப்பம் வரும், பெரியவருக்கு 6, 7 கணக்கில் போதும் போதும் என்றாகும். குளிர்காலத்தில் வீடு 19, 20 டிகிரியில் இருந்தால் மாவு மேடைமேல் பொங்காது. ஓவனில் விளக்கை மட்டும் போட்டுப் பாத்திரத்தை உள்ளே வையுங்கள், 12-லிருந்து 16 மணி நேரம். பாத்திரம் பாதிக்குமேல் நிரம்பக் கூடாது, அடியில் ஒரு தட்டு வையுங்கள். ஓவன் கதவில் "உள்ளே மாவு" என்று ஒரு சீட்டு ஒட்டுங்கள், இல்லாவிட்டால் யாராவது பீட்சாவுக்கு 220 டிகிரியில் சூடேற்றுவார்கள்.

மாவு தோசைப் பதத்தைவிடக் கெட்டியாக, கரண்டியிலிருந்து மடிப்பு மடிப்பாக விழ வேண்டும். ராக்லெட் கல் நம் தோசைக்கல் அளவு சூடாகாது. மெல்லிசாக இழுத்தால் முறுகாமல் வறண்டு வெளிறிப்போகும், எடுக்கும்போது கிழியும். 15 நிமிஷம் முன்பே சூடேற்றி, ஒரு சொட்டு எண்ணெய் தடவி, ஊற்றியபின் கை வைக்காமல் விடுங்கள். மேலே ஓட்டை விழுந்து ஈரப் பளபளப்பு போனதும், ஏறக்குறைய 3 நிமிஷத்தில், மரக்கரண்டியால் திருப்புங்கள். இரும்புக் கரண்டி பட்டால் பூச்சு உரியும், அதுவும் இரவல் அடுப்பு. சில அடுப்புகளில் மேலே இயற்கைக் கருங்கல் பலகை இருக்கும். அது சூடாகவே அரை மணிக்கு மேல் ஆகும், மாவும் ஒட்டிக்கொள்ளும். பூச்சுப் போட்ட உலோகப் பலகை உள்ளதாகப் பாருங்கள்.

மின்சாரக் கணக்கையும் பார்த்துக்கொள்ளுங்கள். 8 பேர் அடுப்பு 1200-லிருந்து 1500 வாட். வீட்டு இணைப்பு ஒவ்வொன்றும் வழக்கமாக 16 ஆம்பியர், அதாவது 230 வோல்ட்டில் 3680 வாட். இரண்டு அடுப்பு வைத்து, அதே இணைப்பில் 2000 வாட் கெட்டிலையும் போட்டால் பியூஸ் விழுந்து மேசையே இருட்டாகும். நீட்டிப்பு ஒயர் சுருளில் இருந்தால் முழுவதையும் பிரித்துப் போடுங்கள், சுற்றியபடியே விட்டால் சூடேறும்.

காரம். 150 கிராம் துவரம்பருப்பு சாம்பாருக்கு, நமக்குப் போடும் பொடியில் மூன்றில் ஒரு பங்கு போடுங்கள். நிறம் குறையும், அதற்கு அங்கே கடையில் கிடைக்கும் இனிப்புப் பாப்ரிகாப் பொடி ஒரு டீஸ்பூன். நிறம் வரும், காரம் வராது. சட்னியில் பச்சை மிளகாய் இல்லாமல் ஒரு கிண்ணம், உள்ளது ஒரு கிண்ணம். எது எது என்று சின்னச் சீட்டு வையுங்கள். கூடவே சர்க்கரை இல்லாத தயிர். காரம் ஏறியவர்கள் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருப்பார்கள், அது அடக்காது, தயிரை நீட்டுங்கள். கறிவேப்பிலை, முழு மிளகு, கிராம்பு, காய்ந்த மிளகாய் இவற்றைத் தட்டின் ஓரம் ஒதுக்கலாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் மரியாதைக்காக மென்று விழுங்குவார்கள்.

பரிமாறும் கையைக் கட்டிக்கொள்ளுங்கள். கேட்காமல் தட்டில் போடாதீர்கள். "இன்னும் கொஞ்சம்?" ஒரு தடவை, மிஞ்சினால் இரண்டு. கொடுத்ததை மிச்சம் வைப்பது அவர்களுக்குப் பாவம்போல, நீங்கள் போடப் போடத் திணறிச் சாப்பிடுவார்கள், அடுத்த முறை வரத் தயங்குவார்கள். தண்ணீர் இரண்டு வகை வையுங்கள், சோடா உள்ளதும் இல்லாததும். மாம்பழ லஸ்ஸி பிள்ளைகளிடம் தோற்றதே இல்லை: 850 கிராம் கூழ் டின் ஒன்று, தயிர் 500 கிராம், பால் 300 மில்லி. 200 மில்லி டம்ளரில் 8 வரும். கூழ் இனிப்பூட்டியதாக இருந்தால் சர்க்கரை வேண்டாம்.

தாளிப்பை அவர்கள் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே முடியுங்கள். எல்லா மாநிலத்திலும் படுக்கையறை, பிள்ளைகள் அறை, நடைவழியில் புகை அலாரம் கட்டாயம். சமையலறைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு மிளகாய் தாளித்தால் நடைவழி அலாரம் அலறும். கதவைச் சாத்தி, புகைபோக்கியைப் போட்டு, முடிந்ததும் சன்னல்களை 10 நிமிஷம் முழுக்கத் திறந்துவிடுங்கள். மாடிப்படிப் பக்கக் கதவைத் திறந்து புகையை வெளியேற்றும் பழக்கம் மட்டும் வேண்டாம், கட்டடமே உங்கள் சாம்பாரைப் பற்றிப் பேசும்.

மூணாம்மாடி:

அக்கா, ராக்லெட் யோசனை பிரமாதம். ஆனால் இப்போதுதான் மெசேஜில் கேட்டேன், அவர்களுடைய பெரிய பையனுக்கு நிலக்கடலை ஒவ்வாமையாம். சட்னியில் கடலை போடாமல் இருந்தால் போதும்தானே?

சீட்டு_ஒட்டு:

போதாது. கடலைச் சட்னியை நிறுத்துவது சுலபமான பாதி, மிச்சப் பாதி சமையலறையில் இருக்கிறது.

எண்ணெய்: கடலை எண்ணெய் அன்று வேண்டவே வேண்டாம், சூரியகாந்தி அல்லது ராப்ஸ் (கனோலா) எண்ணெய். முன்பு கடலை பொரித்த எண்ணெயைத் திரும்பச் சூடாக்கி அப்பளம் பொரிக்காதீர்கள். மிக்ஸி: மூடியின் ரப்பர் வளையத்துக்கு அடியிலும் பிளேடுக்குக் கீழும் பழைய கடலைச் சட்னி தங்கியிருக்கும். வளையத்தைக் கழற்றிச் சுடுதண்ணீரில் சோப்பு போட்டுக் கழுவுங்கள், சந்தேகம் என்றால் வேறு ஜாரில் அரையுங்கள். மரக்கரண்டி விரிசலிலும் இதே கதை. பாக்கெட் மிக்சர், பொடி வகைகளில் கடலை "இருக்கக்கூடும்" என்று அச்சிட்டிருந்தால் மேசைக்கு வர வேண்டாம்.

அடுத்தது வெந்தயம். கடலை ஒவ்வாமை உள்ளவர்களில் சிலருக்கு வெந்தயமும் ஒத்துக்கொள்ளாது, இரண்டும் பயறு இனத்தைச் சேர்ந்தவை. மாவிலும் சாம்பார்ப் பொடியிலும் அது இருக்கிறது என்று பெற்றோருக்கு வாய்விட்டுச் சொல்லுங்கள். அவர்கள் தயங்கினால் மாவில் விட்டுவிடுங்கள், ஊத்தப்பத்துக்கு ஒன்றும் குறையாது. உளுந்து, துவரை, பொட்டுக்கடலை மூன்றையும் அதே பட்டியலில் எழுதுங்கள். முடிவு பெற்றோருடையது, உங்களுடையது அல்ல.

ஐரோப்பிய ஒன்றியச் சட்டம் உணவு விற்பவர்களை 14 ஒவ்வாமைப் பொருள்களைக் கட்டாயம் அறிவிக்கச் சொல்கிறது. நிலக்கடலை தவிர அதில் கடுகும் எள்ளும் உண்டு. நம் தாளிப்பில் கடுகு, நல்லெண்ணெயில் எள், அதனால் சட்டம் வீட்டு விருந்துக்கு இல்லாவிட்டாலும் எந்த விருந்தாளிக்கும் இரண்டையும் சொல்லிவிடுங்கள். பெருங்காயத் தூளில் பல நிறுவனங்கள் கோதுமை மாவு கலக்கின்றன. பசையம் (குளூட்டன்) ஒவ்வாதவர் வந்தால் "இது அரிசிதான், பயமில்லை" என்று கொடுத்த சாம்பாரே அவரைப் படுத்திவிடும். அரிசி மாவு கலந்த கூட்டுப் பெருங்காயமும் கிடைக்கிறது, டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள்.

பையனுக்கு அவசர ஊசி இருக்கிறதா, இருந்தால் அன்று யார் பையில் என்று கேட்டு வையுங்கள். பெற்றோர் இல்லாமல் பிறந்தநாளுக்கு விட்டுப்போனால் ஊசியும் போடும் முறையும் உங்கள் கையில் இருக்க வேண்டும். அவசர எண் 112.

தாயக்கட்டை:

விளையாட்டுக்கு வருகிறேன்.

வார்த்தையை வைத்து ஆடுவது எதுவும் வேண்டாம். எழுத்துச் சொல்லி ஊர், நாடு, ஆறு எழுதும் ஆட்டமும், ஒரு சொல்லை அதைச் சொல்லாமலே விளக்கும் ஆட்டமும் உங்களைப் பரீட்சை எழுத வைத்துவிடும். ஊனோ, ஜோடி அட்டை தேடும் மெமரி, ஹல்லி கல்லி போதும். ஹல்லி கல்லியில் மேசை நடுவில் மணி. ஆளுக்கொரு சீட்டாகத் திருப்ப, ஒரே பழம் மொத்தம் சரியாக 5 தெரிந்ததும் மணியைத் தட்ட வேண்டும். 4 வயதுக்காரிக்கு எண்ணிக்கை வேகம் பத்தாது, அவளை உங்கள் மடியில் வைத்து மணி தட்டும் வேலையைக் கொடுங்கள். மணிச்சத்தம் கீழே கேட்குமே என்ற கவலை உங்களுக்கு இல்லை, கீழ்வீடே மேலே வந்துவிடுகிறது.

"மென்ஷ் எர்கெரே டிஷ் நிஷ்ட்" கிட்டத்தட்ட எல்லா வீட்டிலும் இருக்கும். 1914-லிருந்து விற்கும் பலகை. தாயம் ஆடத் தெரிந்தவருக்கு விதி சொல்ல வேண்டாம்: ஆளுக்கு 4 காய், 6 விழுந்தால் வெளியே வரலாம், வெட்டுப்பட்டால் திரும்ப வீட்டுக்கு. வெட்டும்போது இரக்கம் காட்டாதீர்கள், பிள்ளைகளுக்காக விட்டுக்கொடுத்தால் அந்த வீட்டில் அதை ஏமாற்று என்றே எடுத்துக்கொள்வார்கள்.

பெரியவர்கள் கடான் என்ற பலகை விளையாட்டை எடுத்தால் ஒரு மணி நேரத்துக்குமேல் ஆகும் என்று தெரிந்து உட்காருங்கள். 1995-ல் அந்த வருஷத்தின் சிறந்த விளையாட்டு என்ற ஜெர்மன் பரிசு வாங்கியது, 3 அல்லது 4 பேர், 10 புள்ளி எடுத்தவர் வெற்றி. மரம், செம்மறி போன்ற சீட்டுகளை மாற்றிக்கொள்ளப் பேரம் பேசியே ஆக வேண்டும் என்பதால் ஜெர்மன் தானாக வரும்: "எனக்குச் செம்மறி ஒன்று, உனக்கு மரம் ஒன்று" அளவுக்குத் தெரிந்தால் சமாளிக்கலாம்.

நம் பக்கத்திலிருந்து பல்லாங்குழி கொடுங்கள். பலகை இல்லையா, 10 முட்டை அட்டைப் பெட்டி இரண்டு எடுங்கள். அடிப்பக்கம் இரு வரிசை, வரிசைக்கு 5 குழி. ஒன்றை முழுசாக வைத்து, மற்றதிலிருந்து இரண்டுக்கு இரண்டாக வெட்டி ஒட்டினால் 7, 7 என்று 14 குழி. காய்க்கு உலர்ந்த வெள்ளை பீன்ஸ் குழிக்கு 5, ஆக 70. உங்கள் வரிசையில் ஒரு குழியை அள்ளி இடஞ்சுழியாக ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போங்கள். காய் தீர்ந்ததும் அடுத்த குழியை அள்ளித் தொடர வேண்டும். அடுத்தது காலி என்றால் அதற்கடுத்த குழியில் இருப்பது உங்களுக்கு, முறை எதிராளிக்கு. நடுவில் எந்தக் குழியிலாவது 4 சேர்ந்தால் அது பசு, அந்த வரிசைக்காரர் உடனே எடுத்துக்கொள்ளலாம். பசுவைக் கண்டதும் கத்திவிட்டு எடுப்பதுதான் பிள்ளைகளுக்குப் பிடித்த இடம். 4 வயதுக்குக் கீழே யாராவது இருந்தால் பீன்ஸ் வாய்க்கோ மூக்குக்கோ போகும், அந்த வீட்டில் வேண்டாம்.

ராத்திரி 10-க்குமேல் அமைதி நேரம். பிள்ளைகள் சத்தத்துக்குப் பொதுவாகப் பொறுத்துப் போவார்கள், பெரியவர்கள் போடும் பாட்டுக்கு அல்ல.

மூன்றுமணிக்கேக்:

பிறந்தநாள் பற்றி யாரும் தொடவில்லை.

பிறந்தநாள் புதன் என்றால் விருந்தை அதற்கடுத்த சனிக்கிழமை வையுங்கள், முந்தின சனிக்கிழமை கூடாது. முன்கூட்டி வாழ்த்துவது ஆகாது என்பது அங்கே கெட்டியான நம்பிக்கை, பெற்றோரே நெளிவார்கள். எத்தனை பேர்? வயதுக்கு ஒருவர் என்பது நடைமுறைக் கணக்கு, 8 முடிந்தால் 8 பிள்ளைகள். வகுப்பையே கூப்பிட்டால் வீடும் தாங்காது, விளையாட்டும் நடக்காது. அழைப்புச் சீட்டை 2, 3 வாரம் முன்பே கொடுங்கள். அதில் தொடங்கும் நேரத்தோடு முடியும் நேரமும் கட்டாயம், 3 மணி முதல் 6 மணி என்று. 6 மணிக்கு ஒவ்வொருவரும் வந்து பிள்ளையை அழைத்துப்போவார்கள். பள்ளி வயதுப் பிள்ளைகளின் பெற்றோர் வாசலிலேயே விட்டுவிட்டுப் போய்விடுவார்கள், அவர்களுக்கும் சேர்த்து 30 பேருக்குச் சமைத்து வைக்காதீர்கள். வாசலிலேயே போன் எண்ணும் ஒவ்வாமையும் எழுதி வாங்குங்கள்.

வந்ததும் பரிசு பிரிப்பது. வட்டமாக உட்காரவைத்து ஒரு பாட்டிலைச் சுற்றுங்கள், வாய் யாரைக் காட்டுகிறதோ அவருடைய பரிசை அப்போது பிரிக்கலாம். நம் வீட்டில்போல எல்லாரும் போனபின் பிரித்தால், கொண்டுவந்த பிள்ளை ஏமாந்துபோகும். பிறகு கேக், மெழுகுவர்த்தி. பிறகு ஒன்றரை மணி நேரம் விளையாட்டு, அதற்கு 7, 8 ஆட்டம் கையில் வைத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொன்றும் 10, 15 நிமிஷத்தில் சலிக்கும். பானை தட்டுதல் எல்லாருக்கும் தெரியும்: கண்ணைக் கட்டி, கையில் மரக்கரண்டி, அறையில் எங்கேயோ பானையைக் கவிழ்த்து அடியில் மிட்டாய். தவழ்ந்து போகும் பிள்ளைக்கு மற்றவர்கள் "சூடு, குளிர்" என்று கத்துவார்கள். தரை மரமாக இருந்தால் கீழே துண்டு விரியுங்கள், அந்தக் கரண்டி அடி கொஞ்சமல்ல. சாக்லேட் ஆட்டமும் நன்றாக எடுபடும். பகடையில் 6 விழுந்தவர் தொப்பி, மப்ளர், கையுறை மாட்டிக்கொண்டு, தாள் சுற்றிய சாக்லேட்டைக் கத்தி, முள்கரண்டியால் வெட்டிச் சாப்பிட வேண்டும், அடுத்த 6 விழும்வரை. கடலை ஒவ்வாமைப் பையன் வருவதால் சாக்லேட் உறையை இரண்டு முறை படியுங்கள்.

5:30-க்கு எளிய சாப்பாடு. பீட்சா, வறுத்த உருளைக்கிழங்கு, வெட்டிய வெள்ளரி, கேரட். சைவமாக வைத்தால் எந்தப் பிள்ளையும் கேள்வி கேட்காது. கிளம்பும்போது ஆளுக்கொரு சின்னப் பை: 2 மிட்டாய், ஒரு பென்சில் அல்லது பம்பரம், அவ்வளவே. பை இல்லாமல் அனுப்பினால் வாசலில் நின்று கேட்கும் பிள்ளைகள் உண்டு. பள்ளிக்குக் கேக் கொடுத்துவிடுவதாக இருந்தால் முதலில் ஆசிரியையிடம் கேளுங்கள், சில இடங்களில் கிரீம் வைத்தது அனுமதி இல்லை, சில இடங்களில் வீட்டில் செய்ததே அனுமதி இல்லை.

பழையகுடி:

இன்னும் இரண்டு மட்டும்.

வெயில் வந்ததும் தோட்டத்தில் கிரில் போட்டுக் கூப்பிடுவார்கள். அங்கே சுடுவதற்கு உரியதை அவரவர் கொண்டுவருவது வழக்கம், வீட்டுக்காரர் ரொட்டி, சாஸ், அடுப்பு வைப்பார். நீங்கள் பன்னீர், குடமிளகாய், வெங்காயம் குச்சியில் கோத்துக்கொண்டு போங்கள். மரக்குச்சியை அரை மணி தண்ணீரில் ஊறவைக்காவிட்டால் நுனி எரிந்து கழன்று விழும். இறைச்சிக் கொழுப்பு சொட்டும் கம்பியில் வைக்க மனம் ஒப்பாவிட்டால், கிரில் தட்டு ஒன்றைக் கையோடு எடுத்துப் போய் "இதில் வைத்துச் சுடலாமா" என்று கேளுங்கள், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். சாலட் கொண்டுபோனால் கிண்ணத்தின் அடியில் பெயர், உள்ளே பரிமாறும் கரண்டி. உங்கள் பால்கனியில் கரி அடுப்பு மூட்டும் முன் வாடகை ஒப்பந்தத்தையும் வீட்டு விதியையும் பாருங்கள், பல இடங்களில் மின் கிரில்தான் அனுமதி.

தீபாவளிக்குக் கூப்பிட்டால் பட்டாசு ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். ராக்கெட், வெடி போன்ற 2-ஆம் பிரிவுப் பட்டாசை அனுமதியில்லாமல் வெடிக்க டிசம்பர் 31, ஜனவரி 1 மட்டும்தான், அதுவும் 18 வயதானவர். கம்பி மத்தாப்பு 1-ஆம் பிரிவு, வருஷம் முழுக்க வாங்கலாம், 12 வயதிலிருந்து. சின்னப் பிள்ளைகள் கையில் கொடுக்காமல் பெரியவர்கள் பிடித்துக் காட்டுங்கள். வாசலில் மணல் போட்ட வாளி ஒன்று வைத்து, எரிந்த கம்பியை அதில் செருகுங்கள். அணைந்த கம்பி சாம்பல் நிறமாகத் தெரிந்தாலும் சுடும், பிள்ளைகள் முதலில் தொடுவது அதைத்தான். மாடிப்படியில் அகல் ஏற்ற வேண்டாம், அது எல்லாரும் தப்பித்துப்போகும் வழி. கோலத்துக்கு நடைபாதையில் பிள்ளைகளின் சாக்குக்கட்டியே போதும், மழை வந்து கழுவிவிடும்.